விளக்கு ஆடினால் வீடு கிடையாது

என் செல்ல மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான் வேளைக்குச் சாப்பிட்டு, எழுந்து நடமாடி, நல்லபடியாகத்தான் இருக்கிறேன். இடது முழங்கால் மட்டும் என் பேச்சைக் கேட்பதில்லை, அது என்றைக்கும் கேட்டதில்லை என்பதால் அதைக் கணக்கில் சேர்க்காதே. நீயும் மாப்பிள்ளையும் பேரனும் அங்கே ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும், இருக்கிறீர்கள் என்ற சேதி எனக்கு வந்துகொண்டே இருக்க வேண்டும், வேறென்ன எனக்கு வேண்டும். போனில் சொல்ல வேண்டியதை எதற்கு எழுதுகிறாய் என்று கேட்பாய். போனில் நான் வாயைத் திறந்ததும் அம்மா சுருக்கமா சொல்லும்மா, வேலையில இருக்கேன் என்கிறாய், இது சுருக்கமாகச் சொல்லுகிற விஷயம் இல்லை. மாப்பிள்ளை எடுத்தாலோ நான் சொல்வதற்கெல்லாம் ம் ம் என்று கேட்டுவிட்டுக் கடைசியில் அதெல்லாம் சரிங்க அத்தை, வீட்ட எப்ப விக்கலாம் என்கிறார். கடிதம் என்றால் நடுவில் யாரும் குறுக்கே பேச முடியாது, அதனால் எழுதுகிறேன், நான் நாலாம் வகுப்போடு நின்றவள், கோழி கிளறின மாதிரி இருக்கும், பொறுமையாகப் படி, மாப்பிள்ளைக்கும் படித்துக் காட்டு.

போன தடவை அவர் சொன்னதை நான் மறக்கவில்லை. பள்ளிக்கூட விடுமுறைக்கு நீங்கள் இங்கே வருவதற்குள் மாடிக்கு ஆள் வந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் வீட்டை விற்றுவிட்டு நான் உங்களோடு வந்துவிட வேண்டும், தனியாக இருக்கிற வீட்டில் நான் விழுந்து கிடந்தால் யாருக்குத் தெரியும் என்றார். அவர் நல்லதுக்குத்தான் சொல்கிறார், நான் கோபித்துக்கொள்ளவில்லை. ஆனால் உங்கள் வீட்டுக்கு வந்து நான் என்ன செய்வேன் சொல். அங்கே அடுப்பைத் தொட்டால் அது கூவுகிறது, கதவைத் தொட்டால் அது பேசுகிறது, போன தடவை வந்தபோது சலவை மெஷின் என்னைப் பார்த்துப் பாட்டுப் பாடியது, நான் பயந்து வெளியே ஓடிவந்தேன். இது அப்பா அடுப்பு முன்னால் நின்று நின்று வாங்கின வீடு. அவர் இல்லாமல் இந்த வீட்டில் இருப்பது கஷ்டம்தான். அவரும் இல்லாமல் இந்த வீடும் இல்லாமல் இருப்பது அதைவிடக் கஷ்டம். அதனால்தான் எப்படியாவது மாடிக்கு ஒரு குடியைக் கொண்டுவந்துவிட வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றேன், நல்ல காலில்தான்.

மாடிக்கு ஆள் பிடிப்பது என்றால் நம் வீட்டில் ஒரு சட்டம் உண்டு, உனக்குத் தெரியும், மாப்பிள்ளைக்காகச் சொல்கிறேன். அப்பா ரொட்டிக் கடையில் ராத்திரி முழுக்க வேலை பார்த்துவிட்டுப் பகலில் தூங்குகிறவர். நம் மேல்தளமோ மரப்பலகை, மேலே யாராவது தும்மினால் கீழேயிருந்து நூறு வயசு என்று சொல்லலாம், அவ்வளவு தெளிவாகக் கேட்கும். அதனால் வீடு கேட்டு யார் வந்தாலும் அவர்களோடு பேசவே மாட்டார். மேல போய் நாலு நடை நடந்துட்டு வாங்க என்பார். தான் கீழே சாப்பாட்டு மேசை முன்னால் உட்கார்ந்துகொண்டு மேசைக்கு மேலே தொங்குகிற விளக்கையே பார்ப்பார். விளக்கு ஆடினால் வீடு கிடையாது. ஆடாவிட்டால் சாவி கைக்கு வந்துவிடும், என்ன வேலை, எத்தனை பேர் என்று ஒரு கேள்வி கிடையாது. ஒரு தடவை பெரிய உத்தியோகக்காரர் ஒருத்தர் காரில் வந்து இறங்கினார், குதிகாலை ஊன்றி நடந்தார், விளக்கு ஊஞ்சல் ஆடியது. அப்பா எழுந்து நின்று, உங்களது பெரிய வீட்டுக் கால் சார், எங்க வீடு தாங்காது என்று சொல்லி அனுப்பிவிட்டார். தன்னைப் புகழ்ந்தாரா துரத்தினாரா என்று அந்த மனுஷருக்குக் கடைசிவரை தெரிந்திருக்காது. அந்தச் சட்டத்தில் தேறி வந்தவர்தான் நீ பூனை என்று பேர் வைத்தாயே அவர். ஊரில் இல்லை என்று நினைத்து ஜன்னலைச் சாத்தப் போனால் உள்ளே உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருப்பார். அப்பா வேலையை விட்டு நின்று ராத்திரி தூங்கத் தொடங்கின பிறகும் சட்டம் மட்டும் மாறவில்லை. அப்பா போன கொஞ்ச நாளில் பூனைக்கும் வேறு ஊருக்கு மாற்றல் வந்தது, போகும்போதும் சத்தம் இல்லாமல்தான் போனார், கதவில் சாவி தொங்குவதைப் பார்த்துத்தான் எனக்கே தெரிந்தது.

முதலில் வாய்த்தவர் மாப்பிள்ளை கம்ப்யூட்டரில் தேடிப் பிடித்துக் கொடுத்த ஏஜென்ட், விளம்பரப் படத்தில் கழுத்தில் டை கட்டி நிற்பதால் நான் வைத்த பேர் டைக்காரர். மாப்பிள்ளை மனசு நோகக் கூடாது என்று இத்தனை நாள் சொல்லவில்லை, இப்போது சொல்கிறேன். முதல் நாள் போன் செய்து ஹவுஸ் ஓனர் இருக்காரா மேடம் என்றார். இல்லை என்றேன். எப்ப வருவார் என்றார். இனிமே வரமாட்டார் என்றேன். அப்ப நாளைக்குக் கூப்பிடறேன் மேடம் என்று வைத்துவிட்டார். நாளைக்குக் கூப்பிட்டு மறுபடியும் அவரையே கேட்டார். மூன்றாம் தரம்தான் நான், தம்பி, அவர் செத்துப்போயிட்டார், வீடு இப்ப என் பேர்ல இருக்கு, என்கிட்ட பேசினாப் போதும் என்றேன். ஓ, சூப்பர் மேடம் என்றார். அது வாய்க்கு வந்த பழக்கம், கெட்ட எண்ணம் இல்லை என்று எனக்குத் தெரியும். போனை வைத்துவிட்டு நான் சிரித்த சிரிப்பு, அப்பா போன பிறகு அன்றைக்குத்தான் முதல் தடவை சிரித்தேன், அந்த மட்டில் அவருக்கு ஒரு நன்றி.

அந்த மனுஷர் கடைசிவரை வீட்டுக்கு வரவில்லை. போட்டோ எடுக்க ஒருத்தரை அனுப்பினார், அவர் மூலையில் சுவரோடு ஒட்டி நின்று என்னமோ ஒரு கண்ணாடியைப் போட்டு எடுத்தார், படத்தில் நம் மாடி கல்யாண மண்டபம் மாதிரி இருந்தது. அதைப் பார்த்துவிட்டு வந்தவர்கள் எல்லாம் மாடி முழுக்கச் சுற்றிவிட்டு, ஹால் எங்கங்க என்று கேட்டார்கள். நீங்க நிக்கறீங்களே அதுதான் என்றேன். ஒரு அம்மா படத்தையும் அறையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, சுருங்கிப்போச்சா என்று கேட்டாள், துணியைக் கேட்கிற மாதிரி. விளம்பரத்தில் குளிர்ந்த ஏரிக் காற்று என்று வேறு போட்டிருக்கிறார், ஏரி எங்கே என்று கேட்டவருக்கு நம் தெருமுனைச் சாக்கடையைக் காட்டவா முடியும். வாடகையோ தலை சுற்றுகிற மாதிரிப் போட்டுவிட்டார், நான் சந்தோஷப்படட்டும் என்று. நானும் பட்டேன், ஆள்தான் வரவில்லை. ஏதாவது கேட்கலாம் என்று அவருக்குப் போன் போட்டால் ஒரு பெண் ஒன்றை அழுத்தவும் இரண்டை அழுத்தவும் என்பாள். அவள் சொன்னதையெல்லாம் அழுத்தினேன், என் விரல்தான் வீங்கியது. நடந்து காட்டுவதைப் பற்றி ஒரு தடவை அவரே போனில் கிடைத்தபோது சொன்னேன். அது எங்க பாலிசியில இல்ல மேடம் என்றார். எங்க பாலிசியில இருக்கு தம்பி என்று சொல்லி அத்தோடு அவரை விட்டேன்.

இரண்டாவது ஆள் கடைத்தெருவில் செருப்புக் கடைப் படியில் உட்கார்ந்து வீட்டுத் தரகு பார்க்கிறவர். எதைச் சொன்னாலும் ஆகட்டும் ஆகட்டும் என்பார், அதனால் நான் வைத்த பேரும் ஆகட்டும். வாடகை கூடுதலா வேணும் என்றால் ஆகட்டும், குறைக்கலாமா என்றால் அதுக்கும் ஆகட்டும். நல்ல மனுஷராக இருக்கிறாரே என்று நினைத்தேன். முன்கூட்டிச் சொல்லாமல் ஆள் கூட்டிவருகிற வழக்கம் ஒன்று அவருக்கு. ஒரு நாள் தலையெல்லாம் சோப்பு நுரையோடு நான் குளியலறையிலிருந்து எட்டிப் பார்த்தால் மாடிப்படி முழுக்க ஜனம், நடுவில் அவர் நின்றுகொண்டு, வீட்டுக்காரம்மா ரொம்ப சுத்தமானவங்க என்று என்னைக் கை காட்டுகிறார். அதைக்கூடப் பொறுத்தேன். நடை விஷயத்தைச் சொன்னதும் ஆகட்டும் என்றாரா, அதன் பிறகு அவர் கூட்டிவந்தவர்களில் யார் நடந்தும் விளக்கு அசையவில்லை. அதில் ஒருத்தர் அரிசி மூட்டை மாதிரி இருந்தார், அவர் மேலே போனார், விளக்கு அப்படியே நிற்கிறது, ஒரு முனகல்கூட இல்லை. எனக்குச் சந்தேகம் வந்து படியேறிப் பார்த்தேன். புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு சுவரோரமாக நுனிக்காலில் திருடப் போகிற மாதிரிப் போய்க்கொண்டிருக்கிறார்கள், நம்மவர் முன்னால் நின்று இன்னும் மெதுவா, இன்னும் மெதுவா என்று கையாட்டிக்கொண்டிருக்கிறார். என்னைப் பார்த்ததும் அந்தப் பெரியவர் ஒற்றைக் காலில் அப்படியே நின்றுவிட்டார். பாவம், அவரைச் சொல்லிக் குற்றமில்லை. இந்த வேலையப் பாக்கறதுக்கு உங்களுக்கு என்கிட்டயும் கூலி, அவங்ககிட்டயும் கூலியா என்று தரகரைக் கேட்டேன். வாய் தவறி அதற்கும் ஆகட்டும் என்றுவிட்டார். அன்றோடு அவரும் சரி.

இதற்குள் மாதங்கள் ஓடிவிட்டன, போதாததற்கு நம் வீட்டை வாங்க மாப்பிள்ளை ஒரு ஆளைப் பார்த்து வைத்திருப்பதாக நீ சொன்னாய், எனக்குச் சோறு இறங்கவில்லை. அப்போது எதிர்வீட்டுத் தையற்காரம்மாதான், எங்க அக்கா வீட்ட வாடகைக்கு விட்டுப் பாத்துக்கறாங்களே ஒரு சாவிக்காரி, அவங்களக் கேளுங்களேன், வாய் கொஞ்சம் நீளம், வேலை சுத்தம் என்றாள். அப்படி வந்தவள்தான் இந்தச் சாவிக்காரி. இடுப்பில் ஒரு பெரிய சாவிக்கொத்து, ஒவ்வொரு சாவியிலும் ஒவ்வொரு நிறத்தில் நூல், நடந்துவந்தால் ஐஸ் வண்டி வருகிற சத்தம். வந்ததும் உட்காரவில்லை, வீடு அழகா இருக்கு என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அம்மா, மழை பெஞ்சா எங்க ஒழுகும் என்றாள். எங்கயும் ஒழுகாது என்றேன். ஒழுகாத வீட்ட நான் இன்னும் பாக்கல, நல்லா யோசிச்சுச் சொல்லுங்க என்றாள். பின்பக்க ஜன்னல் ஓரமா லேசா என்றேன். லேசான்னா கிண்ணமா, வாளியா என்றாள். நான் போய் வாளியைக் கொண்டுவந்து காட்டினேன்.

பிறகு மேலே போய்க் குழாய்களையெல்லாம் திறந்துவிட்டாள், ஸ்விட்சுகளை ஒவ்வொன்றாகப் போட்டு அணைத்தாள், பாத்திரம் கழுவுகிற தொட்டிக்குக் கீழே மல்லாந்து படுத்து டார்ச் அடித்தாள், எழுந்துவந்து மாடிப்படிக் கைப்பிடியைப் பிடித்து ஒரு ஆட்டு ஆட்டினாள், அது அவள் கையோடு வந்துவிட்டது. ஐயோ, உடைச்சுட்டியே என்று கத்தினேன். இது என் கையோட வரலாம்மா, குடி வர்றவங்க கையோட வரக்கூடாது, வந்தா அவங்களும் சேந்து வருவாங்க, நேரா உங்க சமையலறைக்கு என்றாள். வாடகை எவ்வளவு வரும் என்று கேட்டால் டைக்காரர் சொன்னதில் பாதியைக் கொஞ்சம் தாண்டித்தான் சொன்னாள். அவர் அவ்வளவு வரும்னு சொன்னாரே என்றேன். சொல்றதுக்கு என்ன, நானும்கூடச் சொல்வேன், மாடி காலியா கெடந்தா அந்த வாடகையை யார் தருவா, உங்க வீட்டுப் பல்லியா என்றாள். எனக்குச் சுருக்கென்றது. ஆனால் மகளே, நம்மைச் சந்தோஷப்படுத்துகிற தொகையைச் சொல்கிறவரைவிட நடக்கிற தொகையைச் சொல்கிறவளை நம்பலாம் என்று அன்றைக்குப் புரிந்துகொண்டேன். நீங்களும் வாங்கிப் போட்டிருக்கிற அந்தச் சின்ன ஃபிளாட்டை வாடகைக்கு விடப்போவதாகச் சொன்னாயே, ஏஜென்ட் யாராவது வந்தால் முதலில் அவர் எங்கே ஒழுகும் என்று கேட்கிறாரா பார், கேட்காவிட்டால் டீயைக் கொடுத்து அனுப்பிவிடு.

அவளுடைய நிபந்தனைகளையும் கேள். கூலி என்னிடம் மட்டும்தான், குடி வருகிறவர்களிடம் எதுவும் வாங்கமாட்டாளாம். முன்பணத்தைத் தன் பையிலும் வைக்கமாட்டாள், என் அலமாரியிலும் வைக்கவிடமாட்டாள், தனியாகப் போட்டு எங்கே இருக்கிறது என்று இரண்டு பக்கத்துக்கும் எழுதிக் கொடுப்பாளாம். சுவரில் ஆணி அடித்த ஓட்டையைக்கூட விடாமல் போட்டோ எடுத்தாள், இது எதுக்கு என்றால் நாளைக்கு இந்த ஓட்டை யாரோடதுன்னு நீங்க ரெண்டு பேரும் சண்டை போடக் கூடாது என்றாள். கடைசியாக ஒன்று சொன்னாள் பார், குடி வந்த பிறகு நான் நினைத்தபோதெல்லாம் மாடிக்குப் போகக் கூடாதாம், ஒரு நாள் முன்னால் கேட்டுவிட்டுத்தான் போக வேண்டுமாம். எனக்கு வந்ததே ஆத்திரம். என் வீட்டு மாடிக்கு நான் போறதுக்கு நாள் பாத்துக் கேட்டுப் போகணுமா, நல்லா இருக்கே நியாயம் என்றேன். வாடகை வாங்கற வரைக்கும் அது அவங்க வீடும்மா, உங்க குளியலறை வாசல்ல அந்தத் தரகர் ஆள் கூட்டிட்டு வந்தப்ப உங்களுக்கு எப்படி இருந்துச்சு என்றாள். தையற்காரம்மா இதையும் சொல்லிவைத்திருக்கிறாள், ஊசி மாதிரித்தான் அவள் வாயும், எல்லாவற்றையும் குத்தி எடுத்துவிடும். சரி என்று ஒத்துக்கொண்டேன்.

அப்பாவின் விளக்கு விஷயத்தை இவளிடம் எப்படிச் சொல்வது என்று தயக்கமாக இருந்தது. சொன்னேன். டைக்காரர் மாதிரி பாலிசி பேசவும் இல்லை, ஆகட்டும் மாதிரித் தலையாட்டவும் இல்லை. செருப்பைக் கழற்றிப் போட்டாள். நீங்க கீழயே உக்காருங்க என்று சொல்லிவிட்டு மேலே போய் நடந்தாள், ஓடினாள், கடைசியில் தொம்மென்று ஒரு குதி குதித்தாள். இறங்கிவந்து ஆடிச்சா என்றாள். ஆடிச்சு என்றேன். அப்ப எனக்கு வீடு கிடையாதா என்றாள். கிடையாது என்றேன். சரி, ஆடாத ஆளாத் தேடறேன் என்று சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். சிரிக்கவே இல்லை அவள், அது எனக்குப் பிடித்திருந்தது.

தேடவும் தேடினாள். ஆள் ஒருத்தரைக் கூட்டிவருவதற்கு முன்னால் அவர்கள் முன்பு இருந்த வீட்டுக்காரரை நேரில் போய்ப் பார்த்துவிட்டு வருவாள். போனில் கேட்டால் போதாதா என்றால், போன்ல எல்லாரும் தங்கமான மனுஷங்கன்னுதான் சொல்வாங்க, தொல்லை விட்டாப் போதும்னு இருப்பாங்க, மொகத்தப் பாத்தாத்தான் தெரியும் என்பாள். முதலில் ஒரு பள்ளிக்கூட டீச்சரைக் கூட்டிவந்தாள், அருமையான பெண், பஞ்சு மாதிரி நடை, விளக்கு அசையவில்லை. எனக்கு அவள் பார்வை பிடிக்கவில்லை, பரீட்சைப் பேப்பர் திருத்துகிற மாதிரி என்னைப் பார்க்கிறாள் என்று வேண்டாம் என்றேன். அடுத்து வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு வயதான தம்பதி, ரப்பர் செருப்பு, இரண்டு பேரும் சேர்ந்து நடந்தும் விளக்கு தூங்குகிறது. தண்ணி நெறைய செலவழிப்பாங்க போல இருக்கு என்றேன். மொகத்தப் பாத்தே தண்ணிக் கணக்கு சொல்றீங்களே என்றாள், கோபத்தை அடக்கிக்கொண்டு. அடுத்து ஒரு தனிப் பையன், வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவன். மேலே போனானா இல்லையா என்றே தெரியவில்லை, நான் கூப்பிட்டுப் பார்த்தேன், தலைக்கு மேலேயிருந்து இருக்கேங்க என்றான். அவன் மூச்சு விடற சத்தமே கேக்கல, எனக்குப் பயமா இருக்கு, வேண்டாம் என்றேன்.

சாவிக்காரி அவனைத் தெருமுனை வரை கொண்டுபோய் விட்டுவிட்டுத் திரும்பிவந்தாள். அன்றைக்குத்தான் முதல் தடவையாக நம் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். சாவிக்கொத்தை மேசை மேல் வைத்தாள். அம்மா, உங்க வீட்டுக்காரர் எதுக்காக சத்தம் இல்லாத ஆளா பாத்தார் என்றாள். பகல்ல தூங்கறதுக்குத்தான், அவருக்கு ராத்திரி வேலையாச்சே என்றேன். இப்ப இந்த வீட்ல பகல்ல யாரும்மா தூங்கறா என்றாள்.

டீ போடுகிறேன் என்று எழுந்து போனேன். அடுப்பைப் பற்றவைக்காமலே பாத்திரத்தை மேலே வைத்துவிட்டு நின்றிருக்கிறேன், அவள்தான் வந்து பற்றவைத்தாள். கொஞ்சம் அழுதேன், அதை நீ பெரிசாக எடுத்துக்கொண்டு உடனே போன் போடாதே, அழுகை எனக்கு இப்போது கொட்டாவி மாதிரி, வரும், போகும். அப்பா இருந்தவரை வீட்டில் அவர் இருமல், அவர் ரேடியோ, என்னை அவர் கூப்பிடுகிற சத்தம் எல்லாம் இருந்தது, மேலே சத்தம் இல்லாதது நிம்மதியாக இருந்தது. அவர் போன பிறகு கீழேயும் இல்லை மேலேயும் இல்லை. வந்தவர்கள் நடக்கும்போதெல்லாம் நான் விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தேனே, அது ஆடக் கூடாது என்று பார்க்கவில்லையடி, ஒரு தடவையாவது ஆடாதா என்றுதான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். எனக்கே தெரியாத சங்கதியை வாடகைக்கு ஆள் பிடிக்க வந்தவள் கண்டுபிடித்துவிட்டாள். டீயைக் குடித்துவிட்டு, இதை மொதல்லயே சொல்லியிருந்தா எனக்கு இத்தனை செருப்பு தேய்ஞ்சிருக்காது, இப்ப வேற மாதிரி ஆளப் பாக்கறேன் என்று கிளம்பினாள்.

அடுத்த வாரம் கூட்டிவந்தாளே ஒரு குடும்பம். புருஷன் பஸ் ஷெட்டில் மெக்கானிக், இரும்பு வைத்த பூட்ஸ், ஆள் வாசலில் நின்றால் உள்ளே இருட்டாகும். பெண்டாட்டி சலவைக் கடையில் வேலை, குரல் இந்தத் தெருவிலிருந்து அடுத்த தெருவுக்குப் போகும். இரட்டைப் பெண் குழந்தைகள், பிறந்ததிலிருந்து இரண்டும் நடந்ததே இல்லை, குதித்துத்தான் போகுமாம். சாவிக்காரி அவர்களை வாசலில் நிறுத்திவிட்டு என்னிடம் ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள். இவங்க இருந்த வீட்டுக்காரரப் பாத்தேன், வாடகை தேதி தவறாது, வீட்டக் கண்ணாடி மாதிரி வச்சுக்கறாங்க, ஆனா யானைக் கூட்டம்னு கும்பிட்டுட்டார், பாத்த எடத்துல எல்லாம் சத்தத்துக்காக வேண்டாம்னுட்டாங்க, முடிவு உங்களது என்றாள். அவர்களிடமும் ஜன்னலைக் காட்டி, இங்க ஒழுகும், மழைக்கு முன்னாடி சரி பண்ணித் தர்றோம், அதுவரைக்கும் இந்த வாளி உங்களது என்று சொல்லிவிட்டாள். பிறகு நாலு பேரும் மேலே போனார்கள். அதை நான் எப்படி எழுதுவேன். விளக்கு ஆடவில்லை, சுற்றியது. மேல்தளத்துத் தூசியெல்லாம் என் டீயில் விழுந்தது, அலமாரியில் தட்டுகள் ஒன்றோடொன்று பேசிக்கொண்டன. மெக்கானிக் தலையைக் குனிந்துகொண்டு இறங்கிவந்து, தெரியுங்க, நாங்க வேற எடம் பாத்துக்கறோம் என்றார். நான் தூசியை எடுத்துப் போட்டுவிட்டு அந்த டீயையே குடித்தேன். எப்ப வர்றீங்க என்றேன். நெஜமாவாம்மா என்றாள் அந்தப் பெண்டாட்டி, அவள் வாழ்க்கையிலேயே அன்றைக்குத்தான் மெதுவாகப் பேசியிருப்பாள்.

உடனே வரட்டும் என்றால் சாவிக்காரி விடவில்லை. கைப்பிடி மாற்ற வேண்டும், ஜன்னல் மாற்ற வேண்டும், அதோடு அந்த விளக்குக் கொக்கியை முதலில் இறுக்க வேண்டும், நல்ல மனசோட குடி வச்சு விளக்கு உங்க தலையில விழுந்தா மாப்பிள்ளைக்கு யார் பதில் சொல்றது என்றாள். மாப்பிள்ளையைப் பற்றி அவளிடம் எல்லாம் சொல்லியிருக்கிறேன், நல்லதாகத்தான். ஒப்பந்தத்தை நான் படிக்கிறேன் என்று வாங்கினேன், எழுத்துக் கூட்டுவதைப் பார்த்துவிட்டு அவளே ஒவ்வொரு வரியாகப் படித்து, இப்ப நீங்க சொல்லுங்க, என்ன புரிஞ்சுது என்று கேட்டுக் கேட்டுத்தான் கையெழுத்து வாங்கினாள். பள்ளிக்கூடத்தில்கூட என்னை அப்படி யாரும் கேட்டதில்லை.

அவர்கள் வந்து இப்போது மூன்றாவது மாதம் நடக்கிறது, நிச்சயமாகத் தெரிந்த பிறகு சொல்லலாம் என்றுதான் இதுவரை வாயைத் திறக்கவில்லை. குளியலறைக் குழாய் ஒழுகுகிறது என்று மேலேயிருந்து புகார் வந்தது, ஒன்றையும் அழுத்தாமலே சாவிக்காரி போனை எடுத்தாள், சாயங்காலத்துக்குள் குழாய்க்காரர் வந்துவிட்டார். என்னைப் பற்றியும் ஒரு புகார் போனது. குழந்தைகளுக்கு என்று சூப் வைத்து எடுத்துக்கொண்டு நேராக மேலே போய்விட்டேன், வீடெல்லாம் துணி பரப்பி மடித்துக்கொண்டிருந்தார்கள், தர்மசங்கடமாகிவிட்டது. என்னிடம் அவர்கள் ஒன்றும் சொல்லவில்லை, தையற்காரம்மா வழியாகச் சாவிக்காரி காதுக்குப் போய், சூப்பா இருந்தாலும் கேட்டுட்டுத்தான் போகணும்மா என்று எனக்குப் பாட்டு விழுந்தது. அதனால் இப்போது படியடியில் நின்று, நாளைக்கு சூப் கொண்டு வரலாமா என்று கேட்கிறேன். மேலேயிருந்து கொண்டுவாங்க என்று நாலு குரல் வருகிறது. பிறகு நாளைக்கு வரை காத்திருக்க முடியாமல் அந்த இரண்டு குட்டிகளும் இன்றைக்கே இறங்கிவந்துவிடுகின்றன.

இதையெல்லாம்விட மாப்பிள்ளைக்குச் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது, அதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன். போன வெள்ளிக்கிழமை காலையில் என் வாசல் கதவை யாரோ இடித்து உடைக்கிறார்கள். பதறி எழுந்து திறந்தால் மெக்கானிக், ஒரு காலில் மட்டும் பூட்ஸ், பின்னால் பெண்டாட்டி கையில் மாவு, அவளுக்குப் பின்னால் இரண்டு குட்டிகளும் அழுகிற மாதிரி. அவர் மூச்சு வாங்க, அம்மா, ஒரு நாள் முன்னாடி சொல்லாம கதவத் தட்டறது தப்புதான், சாவிக்காரம்மா திட்டுவாங்க, ஆனா காலையில உங்க ரேடியோ சத்தமும் கேக்கல, பாத்திரச் சத்தமும் கேக்கல, உங்களுக்கு ஒண்ணும் இல்லையே என்றார். எனக்கு ஒன்றும் புரியாமல் மணி என்ன என்றேன். வெயில் நடு வீட்டுக்கு வந்துவிட்டிருந்தது. தூங்கிட்டேன் என்றேன். மேல இத்தனை கூத்து நடக்குது, எப்படித் தூங்கினீங்க என்று அந்தப் பெண் சிரிக்க ஆரம்பித்துவிட்டாள். ஆமாம் மகளே, தூங்கிவிட்டேன். அப்பா போன நாளிலிருந்து ராத்திரியில் முழித்து முழித்து எழுகிறவள், தலைக்கு மேலே நாலு பேர் தடதடவென்று நடக்க, நான் குழந்தை மாதிரித் தூங்கியிருக்கிறேன்.

அதனால் வீடு வாங்க வருகிற ஆளை வரவேண்டாம் என்று மாப்பிள்ளையைச் சொல்லச் சொல். மரியாதையாகவே சொல்லட்டும், பாவம் அவரும் எதிர்பார்த்திருப்பார். கீழே விழுந்தால் யாருக்குத் தெரியும் என்று கேட்டாரே, எழுந்திருக்காவிட்டாலே தெரிந்துவிடுகிறது என்று சொல். விடுமுறைக்கு நீங்கள் மூன்று பேரும் கட்டாயம் வாருங்கள், என் பக்கத்து அறையைப் பெருக்கி வைத்திருக்கிறேன். மாடிக்குப் போய்ப் பார்க்க வேண்டும் என்றால் ஒரு நாள் முன்னால் எழுது, நான் கேட்டு வைக்கிறேன். பேரனுக்குக் காதில் தண்ணீர் போகாமல் பார்த்துக்கொள், மாப்பிள்ளையை நேரத்துக்குச் சாப்பிடச் சொல், நீயும் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே சாப்பிடாதே. உங்கள் மூன்று பேருக்கும் நோய்நொடி அண்டாமல், நினைத்தது கைகூடி, நிறைந்த ஆயுசோடு இருக்க என் ஆசீர்வாதம். அந்த ஃபிளாட்டுக்கு ஏஜென்ட் வைக்கும்போது நான் சொன்னதை மறக்காதே. இன்னும் எழுதுவேன், ஆனால் குட்டிகள் படியில் குதித்து வருகிற சத்தம் கேட்கிறது, பேனாவைப் பிடுங்கிவிடும்.

இப்படிக்கு,
வீட்டை விற்காத உன் அம்மா